ஐந்தாம் கம்பி

கொடியை இறுக்கிக் கட்ட
ஜன்னல் கம்பியைப் பிடித்தேன்.
கையோடு வந்துவிட்டது.
உள்ளே இரும்பு இல்லை, செதில்தான்.
மேலே பூசின பச்சைப் பெயின்ட்
இத்தனை வருஷம் தனியாகக்
கம்பி வேஷம் போட்டிருக்கிறது.

காசிமேட்டில் இதெல்லாம் ஒரு சேதியா?
வாங்கின மாதமே ஃபேனுக்குச் சொறி பிடிக்கும்,
பூட்டு தன் சாவியை அடையாளம் தெரியாது என்று சொல்லும்.
கடல் எங்கள் சந்துக்குள் வருவதில்லை.
அதன் மூச்சு மட்டும் வீட்டுக்கு வீடு நுழைந்து
இரும்பை நக்கிவிட்டுப் போகும்.

சேதி வேறு.
ஐந்தாம் தேதி வாடகைக்கு
வீட்டுக்காரர் ஏகாம்பரம் வருவார்.
சுவரைத் தட்டுவார், குழாயைத் திருகுவார்,
ஆணி ஓட்டைகளை எண்ணுவார்.
முன்னே குடியிருந்தவர்களின் அட்வான்ஸில்
ஒரு கொக்கிக்கு எண்ணூறு பிடித்தவர்.

லூர்து வெல்டிங் கடைப் பையனைக் கூட்டி வந்து
முந்நூற்றைம்பது கொடுத்துப் புதுக் கம்பி வைத்தார்.
எட்டில் அது மட்டும்
குரூப் போட்டோவில்
தலைக்கு எண்ணெய் வழிய நிற்கும் பையன் மாதிரி
பளபளத்தது.

தேதி இரண்டு.
காற்றை நம்பினால் மூணு மாசம்.

மேல்மாடி ஷம்ஷாத் ஐ.டி.ஐ. படித்தவள்.
"துருதானே அக்கா, சமைச்சிடலாம்" என்றாள்.

பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நார் ஆகாது,
அதற்கு இந்த ஊரே ஒன்றும் செய்ய முடியவில்லை.
ஹார்டுவேர் கடையில் மயிர் போல மெல்லிசாய்
இரும்பு நார், நாலு உருண்டை.
சோப்பு போட்டு அலசிப் பிசுக்கை எடுத்து
பிளாஸ்டிக் டப்பில் பிய்த்துப் போட்டு
முழுகும்படி வினிகர், ஒரு கை கல்லுப்பு.
ராத்திரி முழுக்க ஊறியது.
விடிந்ததும் வடித்துவிட்டு
மொட்டைமாடிக் காற்றில் வைத்து
மெடிக்கலில் புண் கழுவ விற்கிற நுரைத் தண்ணீரைக்
கொஞ்சம் கொஞ்சமாய் விட்டாள்.
டப்பு சீறியது. தொட்டால் சுட்டது.
சாம்பல் நிறம் ஈரல் நிறமாகி
ஈரல் செங்கல்லாகி…
வெந்துவிட்டது என்பதைத் தவிர
வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

ஸ்டெல்லா வீட்டு நெத்திலிக்குப் பக்கத்தில்
பேப்பர் விரித்துக் காயவைத்தோம்.
காக்காய்க்குப் பயந்து அவள் காவல் இருந்தாள்,
எங்கள் சரக்குக்குக் காவல் தேவைப்படவில்லை.

மிக்ஸியில் அடிக்கலாமா என்று கேட்ட லூர்து
என் முகத்தைப் பார்த்துவிட்டு
மூக்கில் கர்சீப் கட்டிக்கொண்டு
பாட்டிலை உருட்டி நுணுக்கினார்.
பழைய துப்பட்டாவில் சலித்ததும்
முக்கால் டம்ளர்.
மிளகாய்த்தூள் என்று சத்தியம் பண்ணலாம்.

ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து தடவி
பொடியை ஒற்றி ஒற்றி வைத்தேன்.
நாலாம் கம்பியைப் பார்த்து ஐந்தாம் கம்பி.
அடியில் கறுப்பு,
மழை சொட்டுகிற இடத்தில் ஆரஞ்சு,
கை பிடிக்கிற உயரத்தில் மட்டும் வழவழ.
ஆறு வருஷக் குடித்தனத்தில்
நாலாம் கம்பியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஐந்தாம் தேதி.
சுவர், குழாய், ஓட்டைகள்.
ஜன்னலிடம் வந்தவர் ஒவ்வொரு கம்பியாய்
விரலால் இழுத்துக்கொண்டே போனார்.
ஐந்தில் நின்றார்.
விரலைத் திருப்பிப் பார்த்தார், குங்குமம் மாதிரி.

"இன்னாம்மா, இது மட்டும் இப்டி உளுத்துப் போயிருக்கு?
புள்ளைங்க சாயற எடம்.
நாளைக்கே மாத்து. வாடகைல கழிச்சிக்கோ."

லூர்துக்கு இருமல் வந்தது.
நான் காபி போடப் போனேன்.
அவர் சர்க்கரை வேண்டாம் என்றார்.

மறுநாள் கம்பியை மாற்றினோம்,
ஒரு ஈரத்துணி, ஒரு துண்டு உப்புத்தாள்.
இப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்,
பளபளவென்று நிற்கிறது.
நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

மிச்சப் பொடி ஹார்லிக்ஸ் பாட்டிலில்
பரண்மேல், மிளகாய்த்தூளுக்கு எட்டாத தூரத்தில்.
கொட்டிவிடு என்கிறார் லூர்து.
கொட்டலாம்தான்.

நேற்றுத் துணி எடுக்கும்போது
மூன்றாம் கம்பி லேசாய் ஆடியது.